உங்களுக்குப் பதிலாக ‘முடியாது’ சொல்கிறோம்

அந்தச் சலவைக் கடையின் கவுன்டரில் நின்றவளை வாடிக்கையாளர்கள் கறையக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் மேல் ஒரு கறையும் கிடையாது. ஊரார் கறைக்கெல்லாம் அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். கோட்டோ சட்டையோ, கவுன்டரில் விரிப்பாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், விரல் நுனியால் ஒருமுறை தேய்ப்பாள். பிறகு, “இது போகாது” என்பாள்.

அவ்வளவுதான். “மன்னிச்சுக்கோங்க” கிடையாது, “முயற்சி பண்ணிப் பார்க்கலாம்” கிடையாது. “ஏன் போகாது?” என்று கேட்டால் அதே முகம், அதே குரல்: “போகாது.” மேடைக்கு மேடை மைக் பிடிக்கும் பிரமுகர் ஒருவர் ஒருநாள் தன் வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து, தான் யார், எத்தனை சங்கங்களுக்குத் தலைவர், யார் யாருக்குத் தன்னைத் தெரியும் என்பதையெல்லாம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கறை கேட்டதாகத் தெரியவில்லை. பிரமுகர் கோட்டை மடித்துக்கொண்டு போனார். போகும்போது அவர் நடையில் கோபத்தைவிட நிம்மதி அதிகம் இருந்தது. யாராவது ஒருவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் மனிதனுக்கு இப்படி ஒரு நிம்மதி வருகிறது. அது அவனுக்கே தெரிவதில்லை.

கடை அப்பா காலத்துக் கடை. அப்பாவுக்குப் பிறகு அது அண்ணன் பெயருக்குப் போனது. அண்ணன் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அழுக்குத் துணியை விட்டு வெகுதூரம் உயர்ந்துவிட்டார். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘எண்ண விதைப்பாளர்’ என்று போட்டிருந்தது. ஹோட்டல் ஹால்களை வாடகைக்கு எடுத்து ‘அரட்டையில் ஆயிரம் தொழில்’ என்ற வகுப்பு நடத்தினார். நண்பர்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது புலம்புகிறார்கள் அல்லவா, அந்தப் புலம்பல் ஒவ்வொன்றும் ஒரு தொழில். இதுதான் அவர் கண்டுபிடித்த தத்துவம். “நண்பன் அழுதால் தோளைக் கொடுக்காதீர்கள், காதைக் கொடுங்கள்” என்பார். கூட்டம் கைதட்டும். பிறகு வகுப்புக்கு வந்தவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒரு விசிலை ஊதி, “இப்போது இயல்பாகப் பேசுங்கள்” என்பார். மறுபடி விசில் ஊதினால் இயல்பை நிறுத்திவிட வேண்டும்.

அண்ணனுக்கு நண்பர்கள் கிடையாது. தத்துவத்துக்கு அது தடையாக இருந்ததில்லை.

தங்கையிடம் தத்துவம் இல்லை. நண்பர்கள் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர் வந்து வாடிக்கையாளர் பெஞ்சை ஆக்கிரமித்துக்கொள்வார்கள். ஒருவர் பள்ளி வேன் டிரைவர். சின்னப் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டுப் பெரிய பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தை இங்கே கழிப்பவர். அதே வேனில் வீட்டுக்குப் போகவேண்டிய மழலையர் வகுப்பு டீச்சர் இரண்டாமவர். மூன்றாமவர் எதிர்ச்சாரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் போட்டோகிராபர். மதியத்தில் யாரும் படமெடுக்க வருவதில்லை. மற்ற வேளைகளிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அன்று போட்டோகிராபரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுக்காமல் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்களேன் தம்பி, காது வலிக்குது” என்றார் டிரைவர்.

“வீட்டுக்காரியோட சித்தப்பா. மூணாவது பொண்ணுக்குப் பொறந்த நாளாம். படம் எடுத்துக் கொடுக்கணுமாம்.”

“நல்லதுதானே, வேலை.”

“வேலையா? மூத்த பொண்ணுக்கும் நான்தான் எடுத்தேன், ரெண்டாவதுக்கும் நான்தான் எடுத்தேன். சாப்பாடு போட்டாங்க. அதுலயும் அவங்க சாப்பிடறதை நான் படம் எடுத்துட்டு இருந்தேன்.”

“வர முடியாதுன்னு சொல்லிடுங்க” என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இந்த ஆலோசனையை வழங்கத் தகுதியில்லாத ஒரே ஜீவன் அந்தத் தெருவில் அவள்தான். யார் எதைக் கேட்டாலும் டீச்சர் வாயிலிருந்து ‘சரி’தான் வரும். பள்ளி ஆண்டு விழா அவள் தலையில். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவி அவள் தலையில். மாடி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் அவர்களுடைய கிளி அவள் வீட்டில். கிளிகூட அவளைப் பார்த்தால் ஏதாவது கேட்டது.

“சொல்லிடலாம்தான். வாயைத் திறந்தா ‘பார்க்கறேன் சித்தப்பா’ன்னு வருது. அதுக்கப்புறம் எந்தக் கேமரா கொண்டு வர்றதுன்னு நானே கேட்கறேன்.”

போன் மறுபடி அடித்தது. கறையக்கா கவுன்டருக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினாள். “கொடுங்க.”

“அக்கா, என்ன பண்ணப் போறீங்க?”

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள். “அவர் வர மாட்டார்.” மறுமுனையில் என்னவோ படபடத்தது. அவள் கேட்டுக்கொண்டாள். “இல்லைங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வர மாட்டார்.” இன்னும் கொஞ்சம் படபடப்பு. “ஏன்னா... வர மாட்டார். நானா? அவருக்காகச் சொல்றவங்க.” போனை வைத்துவிட்டு, பாதி மடித்திருந்த போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

போட்டோகிராபர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வானம் இடிந்து விழவில்லை. சித்தப்பா திரும்பக் கூப்பிடவும் இல்லை.

“அக்கா, ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாமே” என்றாள் டீச்சர் மெதுவாக.

“காரணம் சொன்னா அதைப் பிடிச்சு ஏறி வருவாங்க டீச்சர். ‘காய்ச்சல்’னா ‘மாத்திரை போட்டுட்டு வா’ம்பாங்க. ‘நேரமில்ல’ன்னா ‘நேரத்தை மாத்திக்கலாம்’பாங்க. வெறும் ‘மாட்டார்’ல பிடிச்சு ஏற எதுவும் இல்ல.”

டிரைவர் தொண்டையைச் செருமினார். “எனக்கும் ஒண்ணு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாத்தும்போதெல்லாம் என் வேன்லதான் கட்டிலை ஏத்தறார். அந்த மனுஷன் வாடகை வீட்டை வருஷா வருஷம் மாத்தறார்.”

“நம்பரைச் சொல்லுங்க” என்றாள் கறையக்கா.

டிரைவர் அதற்குப் பிறகு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். “இதுக்குன்னு ஒரு கடையே போடலாம் போலிருக்கே” என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். கறையக்கா சிரிக்கவில்லை. கவுன்டரின் இடப்பக்கம், பழைய இஸ்திரி மேசை நின்றிருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அந்த மூலையில் ஒரு பலகை தொங்கியது. எழுத்து போட்டோகிராபர் உபயம். ‘உங்களுக்குப் பதிலாக முடியாது சொல்கிறோம்.’ கீழே சின்ன எழுத்தில்: ‘காரணம் சொல்லப்படமாட்டாது.’

முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு வேலையாக வந்தார்கள். தெருவிலேயே ஏணி வைத்திருந்த ஒரே மனிதர் வந்தார். ஏணி வாங்கிய நாளிலிருந்து தன் வீட்டு பல்பைத் தானே மாற்ற முடியாமல் இருப்பதாக, அழாத குறையாகச் சொன்னார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். அவருடைய நண்பர் தினமும் காலையில் போன் செய்து தான் எழுதிய கவிதையை வாசிக்கிறாராம். “நல்லாதான் இருக்கும், ஆனா காபிக்கு முன்னாடி வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, “காபிக்குப் பின்னாடியும் வேண்டாம்” என்றார். நாத்தனாரின் நாயை வளர்த்துக்கொண்டிருந்த பெண் வந்தாள். எல்லாரும் கூலியைக் கொடுத்துவிட்டு, ‘முடியாது’ சொல்லப்படும்போது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள், நல்ல பாட்டைக் கேட்பதுபோல்.

எல்லாவற்றையும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. வெள்ளைக் கோட்டுப் பிரமுகர் ஒருநாள் பின்வாசல் வழியாக வந்தார். ஒரு விழாவில் உணர்ச்சிவசப்பட்டு, படிப்பகத்துக்குத் தன் செலவில் மாடி கட்டித் தருவதாக அறிவித்துவிட்டாராம். இப்போது அதை இல்லையென்று சொல்லவேண்டுமாம், காதும் காதும் வைத்தாற்போல.

“அதை நான் சொல்ல மாட்டேன்.”

“கூலி தர்றேம்மா.”

“மேடையில சொன்ன ‘சரி’யை மேடையிலதான் திரும்ப வாங்கணும். பின்வாசல்ல வாங்க முடியாது.”

பிரமுகர் மாடி கட்டினாரா என்பது தெரியாது. ஆனால் கறையக்காவின் கடைக்கு அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது.

இந்தச் செய்தி அண்ணன் காதுக்குப் போக நாளாயிற்று. அவர் காது பெரும்பாலும் அவர் குரலைக் கேட்பதிலேயே இருந்தது. செய்தி எட்டியதும் அவர் தனியாக வரவில்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பத்துப் பன்னிரண்டு பேருடன் ஒரு மதியம் கடைக்குள் நுழைந்தார். களப்பயணமாம். பெஞ்சில் மூன்று பேரும் இருந்தார்கள். தன் மருமகன் குறட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த டிரைவர் நிறுத்திவிட்டார்.

“நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க” என்றார் அண்ணன். “இயல்பா பேசுங்க. இவங்க கவனிக்க மட்டும்தான் வந்திருக்காங்க.”

அடையாள அட்டைக்காரர்கள் பெஞ்சைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். ஒருவர் டீச்சரின் முழங்காலருகே குனிந்தே விட்டார்.

“எங்களை என்ன மிருகக்காட்சி சாலைன்னு நினைச்சீங்களா?” என்றார் டிரைவர்.

“பாருங்க, இதுவே ஒரு புலம்பல்” என்று அண்ணன் தன் கூட்டத்திடம் சுட்டிக்காட்டினார். அவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு அவர் மூலையிலிருந்த பலகையின் முன்னால் போய் நின்றார். முகத்தில் ஒரு தந்தையின் பூரிப்பு. “நான் விதைச்சது. என் வீட்டுக்குள்ளேயே முளைச்சிருக்கு.” கூட்டம் கைதட்டியது. தங்கையின் பக்கம் திரும்பினார். “ஒரே ஒரு திருத்தம்தான்மா. ‘முடியாது’ எதிர்மறைச் சொல். தொழிலுக்கு ஆகாது. ‘பரிசீலிக்கிறோம்’னு மாத்திடுவோம்.”

“பரிசீலிக்கிறோம்னா மறுபடியும் வந்து கேட்பாங்களேண்ணா.”

“கேட்கட்டும். உறவு தொடரும் இல்லையா?” அவர் விரல்களை மடக்கத் தொடங்கினார். பலகையில் தன் படம். தெருவுக்கு ஒரு கிளை. பெயர், ‘நேர்மறை மறுப்பு நிலையம்’. நிர்வாகம், அவர். அவளுக்கு? “நீதான் முதல் மாணவி. அந்தப் பெருமையை யாரும் உன்கிட்டருந்து பறிக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய ஹால்ல அறிவிக்கப் போறேன். மேடையில உனக்குக் கேடயம். என்ன, சரிதானே?”

பெஞ்சில் இருந்த மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஊர்ப் பிரமுகரைப் பின்வாசலோடு அனுப்பியவள். சித்தப்பாக்களை ஒரே சொல்லில் உட்காரவைத்தவள். அவள் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தது.

“சரிண்ணா” என்றது.

அண்ணன் கூட்டத்தோடு போனபிறகு அவள் பாதியில் விட்ட சட்டையை மடிக்கத் தொடங்கினாள். அவளாகத்தான் சொன்னாள்.

“பாவாடை கட்டின நாள்லருந்து அந்த மனுஷனுக்கு ‘சரிண்ணா’ சொல்லிட்டிருக்கேன். என் வாய் என்னைக் கேட்கறதே இல்ல.”

“அதனாலதானே அக்கா நாங்க உங்ககிட்ட வர்றோம்” என்றார் போட்டோகிராபர். “அவனவன் ‘முடியாது’வை அவனவன் சொல்ல முடிஞ்சா இந்தப் பலகை எதுக்கு?”

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். கல்லாவைத் திறந்து, வாடிக்கையாளர்களிடம் வாங்கும் அதே கூலியை எடுத்துக் கவுன்டரில் வைத்தாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லணும். யார் சொல்றீங்க?”

டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார். “நான் போறேன். தொழில் உங்களோடது, பேர் உங்களோடது, நீ யார்றான்னு நாலு கேள்வி...”

“நீங்க போனா சண்டைதான் வரும். தம்பி போனா காரணம் சொல்வார்.” அவள் பணத்தை டீச்சர் பக்கம் நகர்த்தினாள். “டீச்சர் போகட்டும்.”

“நானா?” டீச்சர் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தாள். “அக்கா, நான் கிளிகிட்டயே...”

“போவீங்களா, மாட்டீங்களா?”

“சரி” என்றாள் டீச்சர். சொன்னபிறகுதான் சொன்னது உறைத்தது.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. டிரைவர்தான் அண்ணன் வேடம். கழுத்தில் துண்டை அடையாள அட்டைபோல் மாட்டிக்கொண்டு, “வாங்க டீச்சர், உட்காருங்க” என்பார். டீச்சர் “சரி” என்பாள். “டீ சாப்பிடுங்க.” “சரி.” “தங்கச்சி தொழிலை எனக்கே கொடுத்துடச் சொல்லுங்க.” “ச...” என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொள்வாள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார்.

“என்னால ஆகாது அக்கா. ஒரு ‘சரி’ வெளிய வந்துட்டா பின்னாலயே எல்லாம் வந்துடுது.”

“வரட்டும். மத்த எதுக்கு வேணும்னாலும் ‘சரி’ சொல்லிக்கோங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் ‘தர மாட்டாங்க.’ அவ்வளவுதான் உங்க வேலை.”

“ஏன்னு கேட்டா?”

“மறுபடியும் அதே.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஹோட்டல் ஹாலின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செயற்கைச் செடி ஒன்றின் பக்கத்தில் கறையக்கா நின்றாள். சட்டம் சட்டம்தான். அறிவிப்பு மேடையில் என்றால் மறுப்பும் மேடையில். அவளுடைய ‘சரி’யைத் திரும்ப வாங்க டீச்சர் நடுப்பாதையில் நடந்துபோனாள். வெள்ளிக்கிழமை துவைத்து இஸ்திரி போட்ட சேலை. இரண்டு கைகளாலும் கைப்பையைப் பிடித்திருந்தாள். கடைசி வரிசையில் டிரைவரும் போட்டோகிராபரும். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் அண்ணனின் படம், கையில் ஒரு செடியோடு. மூலைக் கடையின் பலகையும் திரையில் இருந்தது. ‘முடியாது’ மட்டும் அழிந்து ‘பரிசீலிக்கிறோம்’ ஆகியிருந்தது.

“இதோ, என் தங்கையின் தோழி” என்றார் அண்ணன் மைக்கில். “அந்த அரட்டைப் பெஞ்சிலிருந்தே நேரடியாக வந்திருக்கிறார். வாங்க, வாங்க. உட்காருங்க.”

“சரி” என்று டீச்சர் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கறையக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“தங்கை எங்கே? கேடயம் காத்திருக்கு.”

டீச்சர் எழுந்தாள். மைக் அவள் முகத்துக்கு எட்டவில்லை. அண்ணனே குனிந்து அதைச் சரிசெய்து கொடுத்தார். “அவங்க வரல” என்றாள். “தொழிலைத் தர மாட்டாங்க.”

ஹாலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் சிரித்தார். பல ஹால்களைப் பார்த்தவர். “நல்ல நகைச்சுவை. டீ கொண்டு வாங்கப்பா டீச்சருக்கு. சாப்பிடுங்க டீச்சர்.”

“சரி.” டீச்சர் டீயை வாங்கிக்கொண்டாள்.

“பதட்டமா இருக்காங்க. இந்த அட்டையைப் போட்டுக்கோங்க, நீங்களும் நம்ம குடும்பம்.”

“சரி.” அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“நம்ம குழந்தைகள் ஓவியப் போட்டிக்கு நடுவரா வரணும்.”

“சரி.”

அண்ணனின் முகம் மலர்ந்தது. இந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் குரல் தேனாகக் கனிந்தது. “வகுப்புகளுக்கு நீங்களே வரவேற்புரை சொல்லுங்க.” “சரி.” “இந்த மாசப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க.” “சரி.” “இந்தச் செடி மேடையில வாடுது, நீங்க எடுத்துட்டுப் போய் வளர்த்துக் கொடுங்க.” “சரி.” கடைசி வரிசையில் டிரைவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். டீச்சரின் ஒரு கையில் டீ, மறு கையில் செடி, கழுத்தில் அட்டை, அக்குளில் பத்திரிகைக் கட்டு.

“அப்போ தங்கச்சி தொழில் நம்ம நிலையத்தோட சேர்ந்துடுது. சரிதானே டீச்சர்?”

“தர மாட்டாங்க.”

“ஏன்?”

டீச்சர் டீயை ஒரு மிடறு குடித்தாள். உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் பலமாகவே வந்தது. அது மைக்கில் கேட்டது. “தர மாட்டாங்க.”

“அவளே ‘சரிண்ணா’ன்னு சொன்னாளே.”

“ஆமா, சொன்னாங்க. தர மாட்டாங்க.”

முன்வரிசையில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். அண்ணன் மைக்கை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். மூடிய மைக்கும் கொஞ்சம் கேட்கும் என்பது பலமுறை மேடை ஏறியவருக்கு ஞாபகம் வரவில்லை. “அந்தக் கடை என் பேர்ல இருக்கு. நாளைக்கு அவ கவுன்டர்ல நிக்க முடியாது. போய்ச் சொல்லுங்க.”

“அதை நான் சொல்ல முடியாதுங்க” என்றாள் டீச்சர். அவளுக்கே தெரியாமல் அது அவளுடைய சொந்த மறுப்பு. “உங்க ‘முடியாது’வை நீங்கதான் சொல்லணும். வாய் வரலைன்னா அக்கா கடைக்கு வாங்க. அவங்க சொல்வாங்க.”

இந்த முறை யாரும் இருமவில்லை. நேராகவே சிரித்தார்கள். அண்ணன் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். பழக்கத்தில் பாதிப் பேர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி இயல்பாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பேச்செல்லாம் மேடையைப் பற்றித்தான்.

டீச்சர் செடியோடு வெளியே வந்தாள். கறையக்கா அவள் கையிலிருந்த காலி டீக் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

“மூணு மாசத்துக்கு வேலை வாங்கிட்டு வந்திருக்கேன் அக்கா” என்றாள் டீச்சர், அழுகையும் சிரிப்புமாக. “அதெல்லாம் யார் செய்யறது?”

“நாளைக்குக் கடைக்கு வாங்க. ஒவ்வொண்ணா சொல்லிடலாம். உங்களுக்குக் கூலி வேண்டாம்.”

மறுநாள் காலையில் சலவைக் கடையில் புதுப் பூட்டு தொங்கியது. பலகையை யாரோ வெளியே சுவரோரம் சாய்த்துவைத்திருந்தார்கள், முகம் சுவரைப் பார்க்க. பூட்டியவர் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, போனிலும் சொல்லவில்லை. கறையக்கா பலகையைத் திருப்பினாள், முந்தானையால் தூசியைத் துடைத்தாள், தோளில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. போட்டோகிராபர் ஸ்டூடியோக் கண்ணாடியில் இருந்த கல்யாண ஜோடிப் படத்தை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்.

சலவைக் கடையில் அண்ணன் தன் மாணவர் ஒருவரை நிறுத்தினார். நேர்மறைச் சிந்தனையில் முதல் மதிப்பெண் வாங்கியவர். எந்தக் கறையைக் காட்டினாலும், “போயிடும் சார், நிச்சயம் போயிடும்” என்று வாங்கி வைத்தார். கறைகளுக்கு அந்த வகுப்பில் இடம் கிடைத்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் எதிர்ச்சாரியிலிருந்து கேட்கும்படி சத்தம் வரத் தொடங்கியது. துணியை ஆட்டிக்கொண்டு நிற்பவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், வெள்ளைக் கோட்டுப் பிரமுகர் உட்பட. ஸ்டூடியோ ஜன்னலோரம் மேசை போட்டிருந்த கறையக்கா அதை நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு போனை எடுப்பாள். அவளுக்கு வேலை இருந்தது.

அன்று ஹோட்டல் ஹாலில் முன்வரிசையில் இருமிய அதே மனிதர் ஒரு முற்பகல் ஸ்டூடியோவுக்கு வந்தார். கழுத்தில் இன்னும் அந்த அட்டை.

“இரண்டாம் நிலை வகுப்புக்குச் சேரச் சொல்றாருங்க. அப்புறம் மூணாம் நிலையாம். சேரலைன்னு சொல்லணும். நேர்ல போனா சேர்ந்துடுவேன்.”

“யாருகிட்ட சொல்லணும்னு தெரியுமில்ல?”

“தெரியும். அதான் கொஞ்சம் யோசிச்சுட்டு வந்தேன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா...”

டீச்சர் அருகில் இருந்தாள். விடுமுறை நாட்களில் இப்போது அவளும் இங்கேதான். “நான் சொல்லட்டுமா அக்கா?” என்று கையை நீட்டினாள். கறையக்கா வேண்டாமென்று தலையசைத்தாள். இது இவருடைய ‘முடியாது’தானே, கேட்கப்போவது அண்ணன் அல்ல, ஊரில் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டால் முடிந்தது. எண்ணை அழுத்தினாள்.

“உங்க இரண்டாம் நிலைக்கு ஒருத்தர் வர மாட்டார்” என்று சொல்லி, அவர் பெயரைச் சொன்னாள்.

“யார் பேசறது?”

“அவருக்காகச் சொல்றவங்க.”

மறுமுனையில் யாரோ ஒருவர் சட்டையைப் பற்றிக் கத்துவது கேட்டது. பிறகு கதவு மூடும் சத்தம். “நீயா?” என்றார் அண்ணன். குரலில் விதைப்பாளர் இல்லை. பின்னால் நிற்கும் வாடிக்கையாளர்களுக்குப் பயந்த ஒரு கடைக்காரர் இருந்தார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்குக் காலையில கவுன்டருக்கு வந்துடு. வழக்கமான நேரம்தான். சாவி அண்ணிகிட்ட இருக்கு.”

கறையக்காவின் வாய் திறந்தது. டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. விரல் நுனியால் அவள் மேசையை ஒருமுறை தேய்த்தாள்.

“வர மாட்டேன்.”

“ஏன்? என்ன வேணும் உனக்கு? சொல்லு, பேசித் தீர்த்துக்கலாம். ஏன் வர மாட்டே?”

“வர மாட்டேண்ணா.”

போனை வைத்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தாள். பாதி நெஞ்சில் கொட்டிக்கொண்டாள். டீச்சர் மெதுவாக உட்கார்ந்தாள்.

அட்டை மாட்டியிருந்தவர் கையில் பணத்தோடு குழப்பமாக நின்றார். “ரெண்டு தடவை சொன்னீங்களே. ரெண்டுக்கும் நான் கொடுக்கணுமா?”

“ஒண்ணுதான் உங்களோடது” என்றாள் கறையக்கா. “அந்த அட்டையைக் கழட்டிட்டுப் போங்க.”